எங்க லாரிக்குக் கொம்பு இருந்தது

போன வாரம் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். மகள் வீட்டுக்குப் போகணும். ஆள் நிறையாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டான். அப்போது ஒருத்தர் வந்தார். கையில் கயிறு. கயிற்றின் அந்தப் பக்கம் ஒரு கிடா. கறுப்பு. நல்ல தாடி.

"ஆடெல்லாம் ஏத்த மாட்டேண்ணா."

"ஆளு சார்ஜே குடுத்துடறேன் தம்பி."

"சீட்ல ஒக்காருமா அது?"

"நீ நல்லா ஓட்டினா ஒக்காரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கிடா ஏறிவிட்டது. காலேஜ் பெண்கள் இரண்டு பேர் துப்பட்டாவை மூக்கில் வைத்தார்கள். "ஐயோ ஆன்ட்டி, இன்னா நாத்தம்" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். எனக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை. காயடிக்காத கிடாவின் வீச்சம். அது மூக்கில் பட்டால் எனக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். குடத்துத் தண்ணீர். கிடா வீச்சத்தில் தண்ணீர் ஞாபகம் வருகிற ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் அஞ்சாவதுவரை படித்தவள். வளைத்து வளைத்து எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க பிறந்த வீடு வல்லம் பக்கம். செம்மண். கேணியில் வாளி விட்டால் தண்ணீர் இனிக்கும். கட்டிக்கொடுத்தது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் ஒரு ஊர். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக சைக்கிள் கடை, ஒரே பையன், பீடிகூடக் கிடையாது என்று எல்லாம் விசாரித்துத்தான் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் உண்டா என்று விசாரித்த எங்க அண்ணன், அந்த ஊர்க் கிணற்றுக்குக் கெட்ட பழக்கம் உண்டா என்று விசாரிக்கவில்லை.

முதல் நாள் டீ போட்டேன். உப்புக் கரித்தது. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன் என்று பயந்து, யாரும் பார்க்காமல் கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். அதுவும் கரித்தது. மூன்றாவது வாட்டி பாலை எடுக்கும்போது மாமியார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டி கொட்டுவ? எங்க ஊரு ருசி அது. குடி."

குடிக்கவும் உலை வைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மோட்டார் கொட்டாய்க்குப் போகணும். கொல்லைகளைத் தாண்டி, வண்டிப்பாதையில் நல்ல தூரம். அந்த நிலத்துக்காரர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். கரண்ட் விடிகாலையில் வரும். வந்ததும் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வருகிற வழியில் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் நடக்கும். யாருடைய மருமகள் எந்த வீட்டில் என்ன சொன்னாள் என்பது வீடு போய்ச் சேரும்முன் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு இரண்டு தங்கவில்லை. இரண்டுமே மூன்றாவது மாதத்தைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா நல்ல மாதிரி. "வெயிட்டு தூக்காத" என்றார். யார் தூக்குவது என்று அவர் சொல்லவில்லை. மாமியாருக்கு முட்டி வலி. எங்க வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார், முடிந்த நாளில். உப்பளத்துக்குப் போகிறவர்கள் காற்றடிக்க வருவதும் அந்த விடிகாலையில்தான். காற்றடிக்கிறவர் தண்ணீருக்குப் போனால் அடுப்பு எரியாது.

இரண்டாவது போன பிறகு மாமியார் முனீஸ்வரனிடம் போனார். அவங்க வீட்டுக் குலசாமி. ஏரிக்கரையில் சுதைக் குதிரை பக்கத்தில் நிற்பார். "இந்தப் புள்ள வயித்துல ஒண்ணு தங்கட்டும். மொதோ மொட்டைக்குக் கிடா வெட்றேன்" என்று வேண்டிக்கொண்டு, குளித்த ஈரப் புடவையோடு திண்டிவனம் சந்தைக்குப் போய் ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பால்குடி மறக்காத குட்டி. நேர்ந்துவிட்ட கிடாவுக்குச் சட்டம் இருக்கிறது. அடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. காயடிக்கக் கூடாது. சாமிக்கு முழு ஆடாகப் போகணும். மாமியார் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்.

"பேரு வெக்கக் கூடாது. பேரு வெச்சா பாசம் வந்துடும்."

அதனால் அது 'அது'தான்.

பாட்டிலில் பால் கொடுத்தது நான். அது என்னைத் தாய் என்று நினைத்துவிட்டது. மோட்டார் கொட்டாய்க்குப் போனால் கூடவே வரும். குட்டியாக இருந்தவரை நான் முன்னால், அது பின்னால். வளர்ந்த பிறகு கயிறு கட்டினேன். அப்புறம் அது முன்னால், நான் பின்னால். இடுப்பில் குடத்தோடு ஓட்டம். பக்கத்து வீட்டு சாந்தாக்கா பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"ஏம்மே, அது உன்னைய இழுக்குற இழுப்புக்கு, கொடத்தக் கட்டிவுட்டா கொடம் இந்நேரம் வூடு போய்ச் சேந்திருக்கும். நீ பொறுமையா வா."

இதை ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் தமாஷாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கிடாவைப் பார்த்தார். அதன் மார்பைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டுப் போய் மார்பில் சாண் வைத்து அளந்தார். எதைப் பார்த்தாலும் அதற்குச் சக்கரம் மாட்ட முடியுமா என்று பார்க்கிற மனுஷன்.

சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் இருந்து இரண்டு சக்கரம். பழைய கட்டில் சட்டம். நுகத்தடி கிடையாது. ஆட்டுக்குத் திமில் இல்லையே, கழுத்தில் வைத்தால் மூச்சு முட்டும். மார்பில்தான் இழுக்க வைக்கணும். சைக்கிள் டியூபை வெட்டி மார்புக்குப் பட்டை. உள்ளே சாக்கு வைத்துத் தைத்தேன், ரோமம் தேயாமல் இருக்க. பட்டையின் இரண்டு முனையும் வண்டியின் இரண்டு ஏர்க்காலுக்குப் போகும். வயிற்றுக்கடியில் இன்னொரு பட்டை, வண்டி பின்பக்கம் சாய்ந்து ஏர்க்கால்கள் மேலே தூக்காமல் இருக்க. அவ்வளவுதான்.

மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"அத்த, நேந்துவுட்ட கிடாவ வேலை வாங்கக் கூடாதுன்னு இருக்குதா?"

பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அப்டி யாரும் சொன்னதில்ல. கிடாகிட்ட யாரும் வேலை வாங்கினதும் இல்ல."

அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டோம்.

ஆட்டைப் பழக்குவது மாட்டைப் பழக்குவது மாதிரி இல்லை. மாடு, சரி தலையெழுத்து என்று நடக்கும். ஆடு காரணம் கேட்கும். முன்னால் இழுத்தால் பின்னால் போகும். பின்னால் தள்ளினால் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் அசை போட ஆரம்பித்துவிடும், நாம் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டியதுதான். அடிக்கவும் கூடாது. சாமி ஆடு. எனக்கு இருந்த ஒரே வழி கோணப்புளியங்காய், கொடுக்காப்புளி என்பார்களே, அது. அந்தக் காய்க்கு அது உயிரை விடும். மடியில் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பேன். நாலடி வந்தால் ஒரு சுளை.

முதலில் பட்டையை மட்டும் போட்டுவிட்டேன். அதைத் திங்கப் பார்த்தது. பிறகு பின்னால் ஒரு தென்னை மட்டையைக் கட்டிவிட்டேன். மட்டை சரசரவென்று வந்ததும் பேய் துரத்துகிற மாதிரி தெருவெல்லாம் ஓடி, ஐயர் கடை வாசலில் போய் நின்றது. மட்டை சத்தம் பழகியதும் வெறும் வண்டி. வண்டி பழகியதும் செங்கல். செங்கல் பழகியதும் காலிக் குடம். எதையும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு வேறு அவசரம் இருந்தது, ஆனால் ஆட்டிடம் அதைச் சொல்ல முடியுமா?

"இன்னா, டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிச்சிட்டியா?" என்று சாந்தாக்கா கேட்பாள். "எல்எல்ஆர் போட்டுட்டியா அதுக்கு?"

கடைசியில் தண்ணீர்க் குடம். மூன்று குடம், சுற்றிலும் வைக்கோல் திணித்து, வாய்க்குத் துணி கட்டி. அங்கேதான் பேஜார். பாதை மேடு பள்ளம். எவ்வளவு கட்டினாலும் தண்ணீர் அலம்பி அதன் முதுகில் தெறிக்கும். தெறித்ததும் அது நின்று, மூக்கில் இருந்து வால்வரை உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பும். அந்தச் சிலுப்பில் வண்டி ஆடி, பாதிக் குடம் கீழே போகும். மோட்டார் கொட்டாயில் மூன்று குடம் வைத்தால் வீட்டுக்கு ஒன்றரைக் குடம் வந்தது. மீதியைப் பாதையோரத்துப் புல் குடித்தது. அந்தப் பக்கம் புல் நன்றாக வளர்ந்தது.

அதனால் சிலுப்பை நிறுத்த வேண்டியிருந்தது. மத்தியானத்தில் கொல்லையில் கட்டிப்போட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு முதுகில் தெளிப்பேன். சிலுப்பினால் ஒன்றும் கிடையாது. சும்மா நின்றால் சுளை. முதலில் துளித் துளியாக. அப்புறம் அரைச் சொம்பு. அப்புறம் முழுச் சொம்பு. அதன் தோல் துடிக்கும், பார்த்திருக்கிறேன். ஆனாலும் காயை நினைத்து நிற்கும். கடைசியில் எப்படி ஆயிற்று என்றால், மழையில் எல்லா ஆடும் சிலுப்பிக்கொண்டு கூரைக்கு ஓடும், இது மட்டும் நட்டநடுவில் நனைந்துகொண்டு என் மடியைப் பார்த்து நிற்கும்.

அப்போது எங்களுக்குக் கோயில் ஞாபகமே இல்லை. தண்ணீர் சிந்தக் கூடாது. வேறு நினைப்பு கிடையாது.

வண்டி ஓட ஆரம்பித்தது. "வழி வுடுங்கடி, லாரி வருது" என்று சாந்தாக்கா ஒரு நாள் கத்தினாள். டவுனில் தண்ணீர் லாரி வருமே, அது மாதிரி. அன்றிலிருந்து அது லாரிதான். பிள்ளைகள் லாரி என்றார்கள், வீட்டுக்காரர் லாரி என்றார். மாமியார் மட்டும் "பேரு வெக்காதீங்கன்னு சொன்னேனே" என்று புலம்பினார். கொஞ்ச நாளில் அவரும் "லாரிக்குத் தவுடு வெச்சியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. காயடிக்காத கிடா. ஒரு நாள் கீதாரி ஒருவர் மந்தையைப் பாதையில் ஓட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெட்டை ஆடு இதைத் திரும்பிப் பார்த்ததோ என்னமோ. லாரி மூன்று குடத்தோடு மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலைச் செடி மேலேயே, இறங்கிவிட்டது. குடங்கள் உருள, சக்கரம் ஒன்று கழன்று தனியாக வேறு பக்கம் போக, நான் கையில் கோணப்புளியங்காயை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்த நேரத்தில் அதற்குக் காய் ஒரு பொருட்டா?

"ஏம்மா, உன் வண்டிக்கு பிரேக் இல்லியா?" என்றார் கீதாரி.

வீட்டுக்காரர் இதை ரோஷமாக எடுத்துக்கொண்டார். ராவோடு ராவாக சைக்கிள் பிரேக் ஒன்றை வண்டியில் மாட்டிவிட்டார். சக்கரம் நிற்கும். கிடா நிற்காது. நின்ற சக்கரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஊரில் எல்லோரும் காயடித்துவிடச் சொன்னார்கள். "கொற ஆட்ட எங்க சாமி வாங்காது" என்று மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மந்தை வருகிற நேரத்துக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுவது என்று நாங்களாக வழி பண்ணிக்கொண்டோம்.

மறுபடி எனக்கு நாள் தள்ளியது. இந்தத் தடவை நான் ஒரு சொம்புகூடத் தூக்கவில்லை. குடத்தை வண்டியில் தூக்கி வைக்க சாந்தாக்கா. இறக்க மாமியார். நான் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன், ஜமீன்தாரிணி மாதிரி. மூன்றாவது மாதம் போனது. யாரும் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவது மாதம் போனது. அப்புறம்தான் மாமியார் வாய் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டார். மாங்காய் வேண்டும் என்றேன். பெண் குழந்தை பிறந்தது. முனீஸ்வரன் கொடுத்தது என்றார் மாமியார். லாரி கொடுத்தது என்றாள் சாந்தாக்கா. நான் இரண்டு பேரிடமும் ஆமாம் என்றேன்.

கொடுத்தால் திருப்பிக் கொடுக்கணும். குழந்தைக்கு மொட்டை அடிக்கிற நாள் வந்தது.

முதல் நாள் லாரியைக் குளிப்பாட்டினேன். கொம்புக்கு மஞ்சள் பூசினேன். அழவில்லை. அழுதால் வேண்டுதலுக்கு ஆகாது என்பார்கள். வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். 

ஏரிக்கரையில் எங்க அண்ணன் வல்லத்திலிருந்து ஆட்களோடு வந்து இறங்கினார். ஒரு மூட்டை மல்லாட்டை, பெரிய அண்டா, கறிக்கு என்று தனியாக அரைத்த மசாலா. நல்ல மனுஷன். கறி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அவசரக்காரர். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிக்கணும், காது குத்தணும். குழந்தை கத்திய கத்தலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. அண்ணன் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, "ஜல்தியா முடிங்கப்பா, அடுப்பு காயுது" என்றார்.

பிறகு கிடா. மாலை போட்டு சாமிக்கு எதிரே நிறுத்தினார்கள். மாலையை அது தின்ன ஆரம்பித்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரை வேப்பிலையோடு மொண்டு முதுகில் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பணும். சிலுப்பினால் சாமி சரி என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். சிலுப்பாமல் கத்தியை எடுக்கக் கூடாது. எந்த ஆடும் தண்ணீர் பட்டதும் சிலுப்பும். பாதி நேரம் ஊற்றி முடிக்கும்முன்பே சிலுப்பிவிடும்.

லாரி சிலுப்பவில்லை.

தலையைத் திருப்பி என் மடியைப் பார்த்தது. காய் எங்கே என்று.

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். அப்புறம் இன்னொன்று. "தண்ணி பட்டுதா இல்லியா அதும்மேல?" என்றார் அண்ணன். "கொடமே கவுத்துட்டேன் சாமி" என்றார் பூசாரி. கூட்டத்தில் முணுமுணுப்பு. வேண்டுதலில் ஏதோ குறை என்றார் ஒருத்தர். வீட்டுக்கு விலக்கானவங்க யாராவது வந்திருக்காங்களா என்றார் இன்னொருத்தர். மாமியார் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி இறுக்கிக்கொண்டார். சாமி கிடாவை வேண்டாம் என்றால், அதற்குப் பதிலாக எதைக் கேட்கப்போகிறது? அவர் பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பயம்தான். பேசாமல் இருந்தால் லாரி பிழைக்கும். ஆனால் பொய்யாகப் பிழைத்து, அது என் பிள்ளைமேல் வந்தால்?

"அத்த, நான்தான் பழக்கி வெச்சேன். தண்ணி பட்டா சிலுப்பக் கூடாதுன்னு. வண்டில தண்ணி சிந்துதேன்னு."

 அண்ணன் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அவ்ளோதானே! இதுல சாமியும் இல்ல, கொறையும் இல்ல. பூசாரி, காதுல ரெண்டு சொட்டு வுடு. எந்த ஆடா இருந்தாலும் தலைய ஆட்டிடும்."

"சாமி காதுலயே பூ சுத்தப் பாக்கறியா?" என்றார் மாமியார்.

"இல்ல அத்த, அடுப்பு எரிஞ்சிக்கினு..."

"அணைச்சி வை."

குழந்தையோடு சாமி எதிரில் போய் உட்கார்ந்தார். முட்டி வலியோடு சம்மணம் போட்டு. சாமியிடம் நேராகப் பேசினார், பக்கத்து வீட்டாரிடம் நியாயம் கேட்கிற மாதிரி.

"இவ இத்தினி நாளு குந்திக்கினு பழக்கியிருக்கிறா. நீ பாத்துக்கினுதானே இருந்த? உனக்கு வேணும்னா அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்ட? ஒரு கனாவுல வந்திருக்க மாட்ட?"

முனீஸ்வரன் மீசையோடு பேசாமல் இருந்தார்.

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்தார். "சாமிக்கு வேணாமாம். அவிழ்த்துவுடுங்க."

பூசாரிதான் வழி சொன்னார். காதைக் கீறி ஒரு சொட்டு ரத்தம் காட்டிவிடலாம். காது கீறின கிடா சாமிக்கு விட்ட கிடா. அப்புறம் யாரும் கத்தி வைக்க முடியாது. அப்படியே செய்தார்கள். அன்றைக்கு எங்க வீட்டில் இரண்டு பேருக்குக் காது குத்து. இரண்டு பேரும் ஒரே மாதிரி கத்தினார்கள்.

எல்லோருக்கும் தக்காளி சோறு. "தக்காளி சோறு துன்றதுக்கு வல்லத்துல இருந்து வேன் வெச்சிக்கினு வந்தேன்" என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறார். கறி மசாலாவை வீணாக்க வேண்டாம் என்று கத்தரிக்காயில் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தும் பயம் போகவில்லை. குழந்தை தும்மினால் நானும் மாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். பல் முளைத்த காய்ச்சலுக்கு ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேரும் தூங்கவில்லை. அது பல்தான். வேறொன்றும் இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் விட்டது.

ஆனால் புதுத் தொல்லை. சாமிக்கு விட்ட கிடாவை வண்டியில் பூட்டக் கூடாது. இதற்குச் சட்டம் உண்டு. மாமியாருக்கு அதில் சந்தேகமே இல்லை. லாரி தெருவில் சும்மா சுற்றியது. சாமி ஆடு என்று யாரும் விரட்டுவதில்லை, யார் வீட்டு முருங்கையையும் மேயும். நான் பழையபடி இடுப்பில் குடம். மாமியாரும் ஒரு குடத்தோடு நொண்டிக்கொண்டு பின்னால்.

லாரிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. விடிகாலையில் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், கடைக்குப் பின்னால் நிற்கிற வண்டிக்குப் போய், ஏர்க்கால் இரண்டுக்கும் நடுவில் தானாக நின்றுகொண்டு கத்தும். யாராவது பட்டையைப் போடணும் என்று கத்தும். யாரும் போட மாட்டோம். தெருவே எழுந்துவிடும்.

"சாமிய ஏன் அழவுடுறீங்க? ஒண்ணு பூட்டுங்க, இல்ல எங்கியாச்சும் ஓட்டுங்க. மனுஷன் தூங்க வேணாமா?" என்று சாந்தாக்கா சண்டைக்கு வந்தாள்.

மாமியார் பல நாள் யோசித்தார். அப்புறம் ஒரு விடிகாலையில் வெங்கலக் குடம் ஒன்றைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார்.

"இது தெருமொனை மாரியாத்தாளுக்கு. அவளும் உப்புத் தண்ணிலதான் குளிக்கிறா, பாவம். சாமி ஆடு சாமிக்குத் தண்ணி இழுக்கலாம். அதுல தப்பு இல்ல."

"நம்ம கொடம் அத்த?"

"கூட ஒக்காந்துக்கினு வரட்டும். எடம் இருக்குதுல்ல?"

வீட்டுக்காரர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பட்டையைப் போட்டார். லாரி கத்தலை நிறுத்தியது.

அதிலிருந்து முதல் குடம் மாரியாத்தாளுக்கு. அப்புறம்தான் எங்க வீடு. மாமியார் அதில் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை, வெங்கலக் குடம் கொஞ்சம் சின்னதுதான் என்றாலும்.

என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வீட்டுக்கு வீடு பைப் வந்தது. எங்கிருந்தோ ஆற்றுத் தண்ணீர். முதல் நாள் எல்லோரும் குழாயைத் திறந்து வாயில் ஊற்றிப் பார்த்தோம். உப்பு இல்லை. எங்க குடங்களுக்கு வேலை போய்விட்டது. லாரிக்கு மட்டும் போகவில்லை. ஒரே ஒரு வெங்கலக் குடத்தோடு மோட்டார் கொட்டாய்க்குப் போய் வரும். மாமியார் கூடவே நடப்பார். இரண்டு பேருக்கும் வயசாகிவிட்டது. இரண்டு பேரும் நின்று நின்று வருவார்கள்.

ஒரு ஐப்பசியில் அது படுத்தது, எழவில்லை. சாமி ஆடு என்பதால் மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். வல்லத்திலிருந்து அண்ணன் மாலை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பாடு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடிகாலையில் நான் வெங்கலக் குடத்தை எடுத்தேன். "வேணாம்மா. லாரி இழுத்துக்கினு போனாத்தான் அது சாமி தண்ணி. ஆத்தாளுக்கும் பைப் இருக்குது" என்றார் மாமியார். அதற்கு அடுத்த வருஷம் அவரும் போனார்.

இப்போது அந்த மோட்டார் கொட்டாய் இல்லை. கல் நட்டு, பெயின்ட் அடித்து, பிளாட் போட்டிருக்கிறார்கள். வண்டிப்பாதை எது என்று எனக்கே தெரியவில்லை. விடிகாலையில் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, அதனால் ஊரில் சண்டையும் குறைந்துவிட்டது. சாந்தாக்கா பேச ஆள் இல்லாமல் டிவியோடு சண்டை போடுகிறாள்.

என்னிடம் சில பேர் கேட்பார்கள், அந்தக் காலம் போய்விட்டதே என்று வருத்தமாக இல்லையா என்று. லாரிக்காக உண்டு. மாமியாருக்காக உண்டு. தண்ணீருக்காக இல்லை.

மகளுக்கு இது ஆறாவது மாதம். போன வாரம் போனபோது குளித்துவிட்டு வந்தவளுக்கு முதுகு துடைத்துவிட்டேன். எங்க தெருவில் எல்லாப் பெண்களுக்கும் இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் காப்புக் காய்த்திருக்கும். குடம் உட்காருகிற இடம். கல்யாணமாகி வந்த வருஷமே வந்துவிடும். இவள் இடுப்பு வழவழவென்று இருந்தது. இந்த வயசுப் பெண்கள் யாருக்கும் இப்போது அது இல்லை. என்னுடையதும் மங்கிக்கொண்டு வருகிறது.